2.1 மீற்றர் பலகைக்குக் கீழே கே.டி.எச். வேன் போகுமா?

மட்டக்களப்பிலிருந்து குடும்பத்தோடு கொழும்புக்குப் போகிறீர்கள், கே.டி.எச். (டொயோட்டா ஹையேஸ்) வேனின் கூரையில் சாமான் வைக்கும் கரியர் பூட்டியிருக்கிறீர்கள், கடைத்தொகுதியின் நிலக்கீழ்த் தரிப்பிட வாசல் பலகையில் உயரம் 2.1 மீற்றர் என்று போட்டிருக்கிறது, உள்ளே விடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

விடாதீர்கள். தாழ்ந்த கூரை கே.டி.எச். வெறுமையாகவே 1.98 மீற்றர், அதாவது ஆறரை அடி. மிஞ்சுவது 12 சென்ரிமீற்றர்தான். கரியரும் கால்களும் அதைத் தின்றுவிடும். உயர்ந்த கூரை என்றால் பேச்சே இல்லை, அது 2.2 மீற்றருக்கும் மேல்.

எதற்கும் அளந்து பாருங்கள். கல்லடிக் கடற்கரை மணலில் வேண்டாம், சீமெந்துத் தரையில். கரியரின் மிக உயர்ந்த இடத்தில் நேரான பலகையொன்றைக் குறுக்கே வைத்து, வெளியே நீளும் நுனியிலிருந்து நிலத்துக்கு டேப்பைப் பிடியுங்கள். வேன் வெறுமையாக இருக்கவேண்டும். ஆட்கள் ஏறினால் ஸ்பிரிங் அமர்ந்து உயரம் குறைந்து காட்டும்.

இன்னொன்று, சரிவுப் பாதை முடியும் இடம். முன் சில்லு சமதரையில், பின் சில்லு இன்னும் சரிவில் நிற்கும்போது வேனின் நடுப்பகுதி தரையிலிருந்து வழக்கத்தைவிட உயர்ந்து நிற்கும். சரியாக அந்த இடத்துக்கு மேலே கூரையைத் தாங்கும் பீம் இருந்தால் போச்சு. எனக்கு அப்படித்தான் நடந்தது: வாசலைத் தாண்டியாச்சு என்று நிம்மதியாக இறக்கினேன், கீழே பீமில் ‘கிறீச்’ என்றது. இறங்கியிருந்த ஆட்களைத் திரும்ப ஏற்றி, வேனை அமர்த்தித்தான் பின்னுக்கு எடுத்தேன். பின்னால் நின்றவர்களின் ஹோர்ன் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பேசாமல் வெளியே திறந்த தரிப்பிடத்தில் விடுங்கள். கரியரைக் கழற்றிவிட்டு உள்ளே போனாலும் உயரப் பலகையைப் பார்த்து மெதுவாகத்தான்.