அப்துர் ரஹ்மானை ‘அப்துல்’ என்று அழைக்கலாமா?

ரியாத்துக்கு வேலைக்கு வந்து மூன்று மாதமே ஆன தம்பி ஒருவர், தம் மேலாளர் அப்துர் ரஹ்மானை ஊர் வழக்கப்படி ‘மிஸ்டர் அப்துல்’ என்று அழைத்ததும் அவர் முகம் மாறிவிட்டதாகவும், அந்தப் பெயரின் பொருள் என்ன, தாம் செய்த பிழை என்ன என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறார்.

தம்பி, 1998-இல் இங்கே வந்த புதிதில் இதே பிழையை நானும் ஒரு கிடங்கு அதிகாரியிடம் செய்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சரக்குச் சீட்டின் பின்புறத்தில் தம் பெயரை அரபியில் எழுதி, இடப்பக்கத்துப் பாதியைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு ஏதோ கேட்டார். உடனிருந்த கேரளத்து நண்பர்தான் அதை எனக்குச் சொன்னார்: “அடியான் என்கிறாயே, யாருக்கு அடியான் என்று கேட்கிறார்.”

‘அப்த்’ என்றால் அடியான். ‘அர் ரஹ்மான்’ இறைவனின் திருநாமங்களில் ஒன்று. தமிழ் முஸ்லிம்கள் ‘அளவற்ற அருளாளன்’ என்று பெயர்ப்பது இதைத்தான். இரண்டும் சேர்ந்து ‘அளவற்ற அருளாளனின் அடியான்’ என்றானால்தான் அது ஒரு மனிதரின் பெயர். ‘அப்துல்’ என்பதன் கடைசி லகரமோ ‘அல்’ என்னும் முன்னொட்டுக்கு உரியது, அதாவது அடுத்த சொல்லைச் சேர்ந்தது. ஆகவே அங்கே நிறுத்துவது, சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்குவதாகும். சிவதாசனையும் ஏசுதாசனையும் ‘தாசன்’ என்று அழைத்தால் நம்மவர் வருந்துவதில்லை என்பதால், இங்கும் அப்படியே என்று எண்ணிவிடுகிறோம். அப்துல்லாஹ்வும் அப்துல் அஜீஸும் அப்துல் கரீமும் இருக்கும் அலுவலகத்தில் ‘அப்துல்’ என்று கூப்பிட்டால் யார் திரும்புவார் என்பது வேறு கேள்வி.

உச்சரிப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. அரபியில் லகரத்தை எழுதினாலும், ரகரத்தின் முன் அது ரகரமாகவே ஒலிக்கும். கல்லும் தூணும் சேர்ந்து கற்றூண் ஆவதைப் போன்ற புணர்ச்சிதான். அதனால் ‘அப்துர் ரஹ்மான்’. நம்மூரில் ‘அப்துல் ரகுமான்’ என்று எழுதிப் பழகிவிட்டோம். கவிக்கோவின் பெயரும் அச்சில் அவ்வாறே இருக்கிறது, அது தமிழின் வழக்கம். இங்கே அரபியரை அழைக்கும்போது அவர்கள் ஒலிப்படியே சொல்லுங்கள்.

பொருளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசைப்படுகிறேன். ‘ரஹ்மான்’ பிறந்த அதே மூன்று மெய்களின் வேரிலிருந்துதான் கருப்பையைக் குறிக்கும் ‘ரஹிம்’ என்ற சொல்லும் வருகிறது. இரத்த உறவுக்கும் அதுவே சொல். அருள் என்பதை மேலிருந்து இடும் பிச்சையாக அல்லாமல், வயிற்றில் வைத்துக் காக்கும் பரிவாக இந்த மொழி உணர்ந்திருப்பதை அறிந்தபோது நான் நெகிழ்ந்துபோனேன். திருக்குர்ஆனின் 114 அத்தியாயங்களில் 113 இந்தத் திருநாமம் அடங்கிய வாசகத்தோடு தொடங்குகின்றன. 55-ஆம் அத்தியாயத்தின் பெயரே ‘அர் ரஹ்மான்’. இறைவனுக்கு மிக உவப்பான பெயர்கள் அப்துல்லாஹ்வும் அப்துர் ரஹ்மானும் என்று ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் ஒரு நபிமொழி இருக்கிறது. 756-இல் ஸ்பெயினின் குர்துபாவில் உமையா அரசை நிறுவியவரும் ஓர் அப்துர் ரஹ்மான்தான். அரசனுக்கும் அடியான் என்றே பெயர்.

‘ரஹ்மான்’ என்று மட்டும் அழைப்பதையும் தவிருங்கள். நம்மூரில் அது இயல்பு. இங்கே பலர் அதை இறைவனுக்கே உரியதாகக் கருதுவதால் கூச்சப்படுவார்கள். வீட்டாரும் பால்ய நண்பர்களும் ‘தஹூம்’ என்று செல்லமாக அழைப்பது உங்கள் காதில் விழலாம், அது நமக்கானதன்று.

நாளைக் காலை ‘உஸ்தாத்’ என்ற மரியாதை அடைமொழியோடு ‘உஸ்தாத் அப்துர் ரஹ்மான்’ என்று முழுப்பெயரைச் சொல்லி, முன்பு குறைத்து அழைத்ததற்கு ஒரு வார்த்தை வருத்தம் தெரிவியுங்கள். சில வாரங்கள் கழித்து, சக ஊழியர்கள் அவரை மூத்த மகனின் பெயரால் ‘அபூ’ இன்னார், அதாவது இன்னாரின் தந்தை, என்று அழைப்பதைக் கவனிப்பீர்கள். மரியாதையும் நெருக்கமும் ஒன்றாக உள்ள விளி அது. அந்த மகன் என்ன படிக்கிறான் என்று விசாரிக்கும் அளவுக்குப் பழகிய பிறகு நீங்களும் அப்படியே அழைக்கலாம்.