ஃபோர்க் மாற்றினேன், கீழே விழுந்தேன், கிளெய்மும் போச்சு. யார் மீது வழக்குப் போடலாம்?

கேள்வி: கம்பத்தில் வசிக்கிறேன். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி பைக் வைத்திருக்கிறேன். தோட்டத்துப் பாதையில் முன் ஷாக் அடி தட்டுகிறதே என்று மதுரையில் ஒரு பட்டறையில் 46,000 ரூபாய் கொடுத்து, வேறொரு பைக்கின் யூஎஸ்டி ஃபோர்க் (தலைகீழாக மாட்டும் வகை முன் ஷாக்) போட்டேன். பில் தரவில்லை, பணம் ஜிபேயில் போனது. மூன்றே வாரத்தில் குமுளி மலைப்பாதையில் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் ஹேண்டில் ஒரு பக்கமாக இழுத்து விழுந்தேன், வலது மணிக்கட்டு முறிவு. 'அனுமதியில்லாத மாற்றம்' என்று இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுத்துவிட்டது. பட்டறைக்காரர் 'வண்டியைக் கொண்டு வாங்க, காசு வாங்காம சரி பண்ணித் தர்றேன்' என்கிறார். என்ன செய்வது?

பதில்: வண்டியை அவரிடம் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். அந்த ஃபோர்க்தான் உங்கள் வழக்கு. அவர் கழற்றிப் போட்ட அடுத்த நிமிடம் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபோர்க் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் கீழ் கிளாம்புக்கு மேலே, வலது குழாயில் மட்டும் ஒரு அங்குல நீளத்துக்குப் புதுக் கீறல் ஓடுகிறது, இடது குழாயில் அது இல்லை. குழாய் கிளாம்புக்குள் வழுகி மேலே ஏறியிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. இன்னொரு படத்தில் குழாய்க்கும் கிளாம்புக்கும் நடுவே மெல்லிய தகடு ஒன்று தெரிகிறது. அளவு சேராத குழாயைத் தகடு சுற்றி இறுக்கியிருந்தால், அது வேலை தெரிந்தவர் செய்கிற காரியமே இல்லை. ஆனால் நான் சொல்வது சாட்சியம் ஆகாது. வாகனச் சேதத்தை மதிப்பிடும், லைசென்ஸ் உள்ள இன்சூரன்ஸ் சர்வேயர் ஒருவரையோ, பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் சொல்லித் தருகிற ஆசிரியர் ஒருவரையோ கொண்டு, வண்டி இப்போது இருக்கிற நிலையிலேயே எழுத்துப்பூர்வமாக அறிக்கை வாங்குங்கள்.

சரி, ஃபோர்க் மாற்றியதே குற்றமா? மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. ஆர்.சி.யில் ஃபோர்க்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று வாதாடலாம், நானே வாதாடுவேன். ஆனால் கேரளத்திலிருந்து போன ஜெயச்சந்திரா வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை இறுக்கமாகவே படித்தது. தயாரிப்பாளரின் அசல் விவரக்குறிப்பை மாற்றும் வேலைக்கு இடமில்லை என்றது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ(4)-இன்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதனால் அறிக்கை வாங்கியதும், வேறொரு மெக்கானிக்கை வைத்து பழைய ஃபோர்க்கையே மாட்டுங்கள். கழற்றுவதை வீடியோ எடுங்கள், கழற்றியதைச் சாக்கில் கட்டி வீட்டில் வையுங்கள்.

இன்சூரன்ஸ் விஷயத்தில்தான் எனக்குக் கவலை. கிளெய்ம் படிவத்தில் 'மண்ணில் வழுக்கியது' என்று எழுதியிருக்கிறீர்கள், என்னிடம் ஹேண்டில் ஒரு பக்கமாக இழுத்தது என்கிறீர்கள். இரண்டு படகில் கால் வைத்தால் இரண்டும் கவிழும். பாலிசி நிபந்தனை மீறலுக்கும் விபத்துக்கும் சம்பந்தம் இல்லையென்றால் கம்பெனியை மடக்கலாம். இங்கே விபத்துக்குக் காரணமே அந்த மாற்றம்தான் என்று நீங்களே சொல்லப் போகிறீர்கள். அமலேந்து சாகூ வழக்கில் (2010) பாலிசி நிபந்தனையை மீறி வாடகைக்கு ஓட்டிய வண்டிக்கே கிளெய்மில் 75 சதவீதம் தரச் சொன்னது உச்ச நீதிமன்றம். அதைக் காட்டி, மறுப்புக் கடிதம் வந்த ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களைத் தீர்த்து வைக்கும் அதிகாரி) போகலாம், அங்கே கட்டணம் கிடையாது. ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதிப் போங்கள், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

உங்கள் பலமெல்லாம் பட்டறைக்கு எதிரான வழக்கில் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி இது சேவைக் குறைபாடு. பில் தர மறுத்ததையே அந்தச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது, அதனால் பில் இல்லையே என்று நீங்கள் பயப்பட வேண்டாம், பயப்பட வேண்டியவர் அவர். ஜிபே ரசீது, 'பக்காவா உக்காரும் ப்ரோ' என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப், சும்மா சரி பண்ணித் தருகிறேன் என்ற செய்தி, எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். மதுரைக்கு அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. கெடு இரண்டு ஆண்டு. 46,000 மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். ஆஸ்பத்திரிச் செலவு, வண்டி ரிப்பேர், வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம், பட்ட வேதனை, எல்லாவற்றையும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக் கேளுங்கள்.

'நீதானே மாற்றச் சொன்னாய், அதுவே சட்டவிரோதம்' என்பார் அவர். உங்கள் பக்கமும் தவறு இருக்கிறது, அதற்காக ஆணையம் தொகையைக் குறைக்கக்கூடும். ஆனால் மாற்றச் சொன்னது வேறு, காசு வாங்கிக்கொண்டு நழுவுகிற மாதிரி மாட்டிக் கொடுத்தது வேறு. மாற்றச் சொன்னது நீங்கள்தான் என்பதைப் புகாரின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், அவர் சொல்லி ஆணையம் தெரிந்துகொள்ளக் கூடாது.

கை குணமானதும் மறுபடி முன் ஷாக் ஆசை வரும், தெரியும். இருக்கிற ஃபோர்க்கிலேயே ஸ்பிரிங்கையும் ஆயிலையும் உங்கள் எடைக்கு ஏற்ப மாற்றிப் பாருங்கள். அதுவும் போதாதென்றால் 250 மி.மீ. இயக்கமுள்ள முன் ஷாக்கோடு கம்பெனியே விற்ற, இதே வண்டியின் ப்ரோ மாடலைத் தேடுங்கள், உங்களுடையது 190 மி.மீ. தான். சீட் உயரம் 891 மி.மீ., கால் எட்டுகிறதா என்று உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். புகாருக்கு முன் பட்டறைக்கு அனுப்பும் நோட்டீஸின் வாசகத்தை எழுதி எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.