வளவுக்குள் ஒரு யாளி

கேள்வி: படைப்புக்காக (முன்னோர் வழிபாட்டுக்காக) கானாடுகாத்தான் வீட்டில் பங்காளிகள் கூடுகிறோம். ஐந்து பிள்ளைகளுக்கு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதைக்குள் பாத்திரமாக ஆடும் விளையாட்டை நடத்தப்போகிறேன். எல்லாரும் முதல் லெவல். கோயில் தூணில் இருக்கும் யாளியை எதிரியாக வைக்க ஆசை. ஓகர் பூதத்தின் எண்களை அப்படியே அதற்குக் கொடுக்கலாமா? இருபது பக்கப் பகடையும் கைவசம் இல்லை.
– வாசகர், காரைக்குடி

பதில்: ஓகர் வேண்டாம். ஆட்டத்தின் 2014 பதிப்பில் அதன் ஒரு அடி சராசரியாக 13, அதிகபட்சம் 20. முதல் லெவல் மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி 8 வாக்கில்தான் இருக்கும். ஒரே அடியில் அதுபோல் இரண்டு மடங்கு, 16 விழுந்தால் மயக்கம்கூடக் கிடையாது, நேரே சாவு. முதல் ரவுண்டிலேயே ஆள் போன பிள்ளை மறுபடி உங்களோடு விளையாட உட்காருமா?

சிங்கத்தின் எண்களை எடுங்கள். 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்த விதித்தொகுப்பில் இலவசமாகவே இருக்கிறது. கவச எண் (அடி பட எட்ட வேண்டிய எண்) 12, உயிர்ப்புள்ளி 26, கடித்தால் 1டி8+3, அதாவது ஒரு எட்டுப் பக்கப் பகடையில் விழுவதோடு 3. ஆனால் 26 போதாது. ஐந்து பேர் அடித்தால் பத்துக்கு ஏழு அடி பட்டுவிடும், அடிக்கு ஏழு என்று வைத்தாலும் ஒரு ரவுண்டில் 24 காலி. யாளி வாயைத் திறக்குமுன் கதை முடிந்துவிடும். 45 ஆக்குங்கள். பாய்ந்து கீழே தள்ளிக் கூடுதலாகக் கடிக்கும் சிறப்பை எடுத்துவிடுங்கள், சின்ன லெவலில் அது ஆளைக் கொல்லும். அதற்குப் பதில் தும்பிக்கை: பட்டால் பிடித்துக்கொள்ளும், விடுபட 13 எடுக்க வேண்டும், அடுத்த ரவுண்டில் வளவின் (வீட்டு உள்முற்றத்தின்) திறந்தவெளிக்குத் தூக்கி எறியும். பிள்ளைகள் கத்தப்போவது இந்த இடத்தில்தான்.

வரைபடத்துக்கு வீடே இருக்கிறது. முகப்பில் நின்றால் பின்வாசல் வரை தெரிகிற வீட்டில் வில்லாளிக்குக் கொண்டாட்டம்தான். அதனால் வளவுத் தூண்களை மறைப்பாக்குங்கள், தூணுக்குப் பின்னால் நிற்பவருக்குக் கவச எண்ணில் 2 கூடும். யாளிக்கும் அதே சலுகை!

யாளி ஏன் அங்கே நிற்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பொக்கிஷக் காவல் என்பது சலித்துப்போன காரணம். என் யோசனை: பூட்டிய அறைக்கு ஐந்து சாவி, ஆளுக்கொன்றாக ஐந்து பங்காளிகளிடம். அத்தனை சாவியும் சேர்ந்து வந்தால் யாளி தானே விலகும். அதில் இரண்டு பங்காளிகளுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. சமாதானம் செய்து சாவி வாங்குவதா, சண்டை போடுவதா என்பதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பெயர்களை மட்டும் கவனமாக வையுங்கள்.

பகடைக்குத் தாயக்கட்டையை எடுக்காதீர்கள். இரண்டு கட்டையைக் கூட்டினால் நடு எண்களே அதிகம் விழும். இந்த ஆட்டத்தில் 1-க்கும் 20-க்கும் ஒரே வாய்ப்பு இருக்க வேண்டும். 1 முதல் 20 வரை சீட்டெழுதிச் சம்படத்தில் போட்டுக் குலுக்கி எடுக்கலாம். எடுத்த சீட்டை ஒவ்வொரு முறையும் திரும்பப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் எந்த எண் பாக்கி என்று கணக்கு வைக்கும் பிள்ளை ஜெயித்துவிடும்.