போட்டிச் சட்டத்தில் வேலை பார்க்க எந்தச் சட்ட நிறுவனம் நல்லது?

கேள்வி: சிங்கப்பூரில் மூன்றாம் ஆண்டு சட்டம் படிக்கிறேன். போட்டிச் சட்டத்தில் வேலை பார்க்கத்தான் ஆசை. உள்ளூர்ப் பெரிய நிறுவனத்துக்குப் போவதா, வெளிநாட்டு நிறுவனத்துக்குப் போவதா?

முதல் வேலை என்றால் உள்ளூர் நிறுவனம்தான். ஆனால் வாசலில் இருக்கும் பெயரைப் பார்த்துச் சேராதீர்கள். உள்ளே போட்டிச் சட்டக் குழுவிடம் விசாரணை வழக்குகள் வருகின்றனவா என்று பாருங்கள்.

நிறுவனங்கள் கூடிப்பேசி விலையை ஏற்றுவது போன்றவற்றைத் தடுக்கும் இந்தத் துறை இங்கே சின்னது. 2004இல் சட்டம் வந்தது, 2006 ஜனவரியில் முக்கியத் தடைகள் (கூடிப்பேசிப் போட்டியைக் கெடுப்பது, சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவது) நடப்புக்கு வந்தன, 2007 ஜூலையில் நிறுவன இணைப்புக்கான விதிகள். இணைப்பை, இந்தச் சட்டத்தைச் செயல்படுத்தும் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையத்திடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இங்கே கிடையாது. அதனால் இணைப்பு வேலையை மட்டும் நம்பியிருக்கும் குழுவில் இளம் வழக்கறிஞருக்குக் கை பழகுவது கடினம்.

விசாரணையில்தான் தொழில் பிடிபடும். 2018 செப்டம்பரில் கூடிப்பேசி விலையை ஏற்றியதற்காக 13 கோழி விநியோக நிறுவனங்களுக்கு ஆணையம் மொத்தம் 26.9 மில்லியன் வெள்ளி அபராதம் விதித்தது. சந்தைக்கடைக் கோழி விலை வரைக்கும் போகிற விஷயம் இது. இப்படிப்பட்ட வழக்கில் புதிதாகச் சேர்ந்தவர் விலைப்பட்டியலையும் வாட்ஸ்அப் செய்திகளையும் தேதிவாரியாக அடுக்கி, வரி வரியாகப் படிப்பார். “அடுத்த வாரம் எல்லாரும் ஏத்திடலாம்” என்ற ஒரே ஒரு வரி வழக்கையே புரட்டிப் போடும். உங்கள் கட்சிக்காரரான முதலாளி எதிரே உட்கார்ந்து, “சங்கத்துல பேசிக்கிட்டோம், அதுல என்ன இருக்கு?” என்பார். அந்தப் பேச்சே சட்டமீறலாகலாம் என்று அவருக்குப் பதமாக எடுத்துச் சொல்ல வேண்டும். ஆணையத்திடம் முதலில் போய் உண்மையைச் சொல்பவருக்கு அபராதம் முழுவதுமே நீங்க வாய்ப்புண்டு. இரண்டாவதாகப் போனால் அந்தச் சலுகை இல்லை. எனவே போவதா வேண்டாமா என்று சீக்கிரம் முடிவெடுக்க வைக்க வேண்டும். இதையெல்லாம் மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் வரும்.

வாடகைக்கார் செயலி நிறுவனமான ஊபரின் தென்கிழக்காசியத் தொழிலைக் கிராப் வாங்கியது பற்றி அதே 2018 செப்டம்பரில் ஆணையம் எடுத்த முடிவையும் படித்துப் பாருங்கள். 13 மில்லியன் வெள்ளி அபராதம், பிறகு ஊபரின் மேல்முறையீடு, அதுவும் தள்ளுபடி. இணைப்பு, பொருளியல், வாதம் மூன்றும் ஒரே கோப்பில்! இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஆர்வம் பொங்கினால் சரியான துறைக்குத்தான் வருகிறீர்கள். பொருளியல் பாடம் ஒன்றிரண்டு எடுத்துவிடுங்கள். நிபுணர் அறிக்கையைப் பிரித்து மேய அது வேண்டும்.

வெளிநாட்டு நிறுவனங்கள் மோசம் என்று சொல்லவில்லை. சிங்கப்பூர்ச் சட்டத்தில் அவை நேரடியாக இறங்கக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. பெரும்பாலும் ஜகார்த்தா, மணிலா என்று வட்டார அளவில் ஒருங்கிணைக்கும் வேலை. அடிப்படை உறுதியான பிறகு போனால் அது அருமையான வேலை.

நேர்காணலில் ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: “போன வருடம் உங்கள் இளம் அசோசியேட் எதில் அதிக நேரம் செலவிட்டார்?” ஊழியர் பயிற்சிக்கு ஸ்லைடு தயாரித்ததுதான் பதில் என்றால் யோசியுங்கள். முடிந்தால் அந்த அசோசியேட்டையே கோப்பி குடிக்கக் கூப்பிட்டுத் தனியாகக் கேளுங்கள். வழக்கறிஞராகப் பதிவாகும் முன் நிறுவனத்தில் பெற வேண்டிய பயிற்சிக் காலம் இப்போது ஆறு மாதம் இல்லை, ஓராண்டு. அதில் எவ்வளவு காலம் இந்தக் குழுவில் உட்கார வைப்பார்கள் என்பதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஆணையத்திலேயே வேலை கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். எதிர்த்தரப்பு எப்படி யோசிக்கிறது என்று தெரிந்தவரைக் குழுக்கள் விரும்பி எடுக்கும்.