கடலடி வண்டலில் உறங்கும் நுண்பாசிகள்: முளைப்பை அளப்பது பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: வண்டலில் உள்ள அலெக்சாண்ட்ரியம் என்ற நச்சு நுண்பாசியின் சிஸ்ட்களை (தடித்த சுவருக்குள் உறங்கும் செல்களை) ப்ரிமுலின் என்ற ஒளிரும் சாயமிட்டு எண்ணிவிட்டோம். கன சென்டிமீட்டருக்கு இத்தனை என்று கிடைத்த எண்ணையே முளைப்பின் அளவாகக் கொள்ளலாமா?

பதில்: கொள்ளக் கூடாது. இந்தத் தவற்றை நான் அடிக்கடி காண்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். சாயமிடுவதற்கு முன் மாதிரியைப் பதப்படுத்தி, மெத்தனாலால் பச்சையத்தையும் நீக்கிவிடுகிறோம். ஆகவே நீங்கள் எண்ணியவை அனைத்தும் உயிரிழந்தவை. அவற்றுள் எவை முளைத்திருக்கும் என்பதை அந்த எண் சொல்லாது. முளைப்பை அறிய அதே வண்டலில் பதப்படுத்தாத இன்னொரு பகுதி வேண்டும். அதை வடிகட்டிய கடல்நீரில் கலக்கி, மீயொலியால் மண்துகள்களைப் பிரித்து, 20 மைக்ரான் சல்லடையில் தங்குவதிலிருந்து சிஸ்ட்களை ஒவ்வொன்றாக உறிஞ்சியெடுத்து, 96 குழித் தட்டில் குழிக்கு ஒன்றாக இட்டு, ஒரு மாதம் வரை சில நாளுக்கொரு முறை பார்த்துவர வேண்டும்.

அலெக்சாண்ட்ரியம் கேட்டனெல்லா என்ற இனத்தின் சிஸ்ட் ஏறத்தாழ 50 மைக்ரான் நீளமுள்ள கேப்சூல் மாத்திரை போன்றது. நிறமற்ற சுவருக்குள் மாவுமணிகளும் செம்மஞ்சள் பொட்டு ஒன்றும் தெரியும். முளைக்கும் காலம் நெருங்கும்போது உள்ளே பழுப்பு படரும். நீல ஒளி பாய்ச்சினால் அந்த இடம் சிவப்பாக ஒளிரும். முளைத்தபின் எஞ்சுவது வெறுங்கூடு. நீந்தும் செல்லைத் தேடிக் காணவில்லை என்பதற்காக ‘முளைக்கவில்லை’ என்று எழுதிவிடாதீர்கள். வெளிவந்த செல் மறுநாளே இறந்திருக்கலாம், கூடு மட்டும் சாட்சியாகக் கிடக்கும்.

முளைப்பும் கடலில் நிகழும் பெருக்கமும் ஒன்றல்ல என்பதையும் மறக்க வேண்டாம். அமெரிக்காவின் வடகிழக்குக் கரையோர மெய்ன் வளைகுடாவில் 2009 இலையுதிர்காலத்தில் சிஸ்ட்கள் மிக அதிகமாக இருந்ததால் 2010-இல் பெரும் நச்சுப்பாசிப் பெருக்கம் வரும் என்று முன்னறிவித்தார்கள். நீர் வழக்கத்தைவிட வெதுவெதுப்பாகவும் சத்துக்கள் குறைந்தும் இருந்ததால் அது வரவில்லை.

கேள்வி: ஆழம் குறைந்த உப்பங்கழியிலிருந்து கோடையில் எடுத்த சிஸ்ட்களில் ஒன்றுகூட முளைக்கவில்லை. அவை இறந்துவிட்டனவா?

பதில்: பெரும்பாலும் இல்லை. புதிதாக உருவான சிஸ்ட், வெப்பமும் ஒளியும் ஆக்சிஜனும் எவ்வளவு சாதகமாக இருந்தாலும் குறிப்பிட்ட காலம் முளைக்காது. இது உண்மையான உறக்கம். அது தீர்ந்தபின், சூழல் ஒத்துவராததால் மட்டும் காத்திருக்கும் நிலை வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் முடிவுகள் குழம்பும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள கேப் காட் பகுதியின் நாசெட் கழிமுகச் சிஸ்ட்களில், எவ்வளவு குளிரை எவ்வளவு நாள் பட்டன என்பதைப் பொறுத்தே உறக்கம் கலைகிறது. எனவே அதே வண்டலை 4 டிகிரி செல்சியஸில் இருளில் வைத்து, மாதந்தோறும் ஒரு பகுதியை எடுத்து 15 டிகிரியில் முளைக்க விட்டுப் பாருங்கள். விழுக்காடு படிப்படியாக ஏறினால் விடை கிடைத்துவிடும். மெய்ன் வளைகுடாவின் ஆழ்நீர்ச் சிஸ்ட்களோ, ஆய்வகத்தில் மாறாத குளிரிலும் இருளிலும் வைத்தபோதுகூட ஏறத்தாழ ஆண்டுக்கொரு முறை முளைப்பில் ஏற்ற இறக்கம் காட்டின என்று 1987-இல் தெரியவந்தது. ஆகவே மாதிரி எடுத்த தேதியைக் குறிப்பிடாத முளைப்பு விழுக்காட்டை நான் ஏற்பதில்லை.

கேள்வி: ஒளி பட்டு முளைப்பு தூண்டப்படாமலிருக்க, மாதிரிகளைப் பச்சை விளக்கொளியில் கையாண்டால் போதுமா?

பதில்: போதாது. தாவர ஆய்வகங்களின் இந்தப் பழக்கம் இங்கே கெடுதல் செய்யும். ஸ்க்ரிப்சியெல்லா என்ற இன்னொரு நுண்பாசியின் சிஸ்ட்களின் முளைப்பைத் தூண்டுவதில் பச்சை ஒளியே வலியது என்று 1986-இலேயே காட்டப்பட்டது. மங்கிய சிவப்பு விளக்கைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: பத்து சென்டிமீட்டர் ஆழம் வரையுள்ள சிஸ்ட்கள் அனைத்தையும் கணக்கில் சேர்க்கலாமா?

பதில்: விதை இருப்பை, அதாவது வண்டலில் சேர்ந்திருக்கும் மொத்த சிஸ்ட்களைச் சொல்லச் சேர்க்கலாம்; அந்தப் பருவத்து முளைப்பைச் சொல்லச் சேர்க்கக் கூடாது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் சிஸ்ட் முளைக்காது. பெரும்பாலான கரையோரச் சேற்றில் ஆக்சிஜன் மேலுள்ள சில மில்லிமீட்டர்களோடு நின்றுவிடுகிறது. மாதிரியைச் சேமிக்கும்போது இதுவே நமக்குத் துணை: புட்டியை விளிம்பு வரை நிரப்பி, காற்றுப் புகாமல் மூடி, இருளில் குளிரவைத்தால் முளைக்காமல் இருக்கும்.

கேள்வி: டயாட்டம்களுக்கும் (சிலிக்கா ஓடுள்ள நுண்பாசிகளுக்கும்) இதே முறைதானா?

பதில்: அவற்றின் உறங்கு செல்களை மண்துகள்களிடையே கண்ணால் பிரித்தறிவது கடினம். எனவே வண்டலைப் பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்து, ஒவ்வொரு நிலைக்கும் ஐந்து குழாய்களில் ஊட்டக்கரைசலோடு ஒளியில் வைத்து, எத்தனைக் குழாய்களில் அவ்வினம் வளர்ந்தது என்பதிலிருந்து மிக நிகழக்கூடிய எண்ணைக் கணிக்கிறோம். உண்மை எண் அதில் மூன்றில் ஒரு பங்காகவோ மூன்று மடங்காகவோ இருக்கக்கூடும். ஆகவே இரு இடங்களுக்கிடையே இரு மடங்கு வேறுபாடு தெரிந்தால் உடனே அதற்குக் காரணம் தேடாதீர்கள். இருளில் வைத்தால் டயாட்டம்கள் பெரும்பாலும் முளைக்காது. அலெக்சாண்ட்ரியம் அடங்கிய டைனோஃபிளாஜெல்லேட் வகை நுண்பாசிகளில் பல இருளிலும் முளைக்கும். டைனோஃபிளாஜெல்லேட்கள் மட்டும் வேண்டுமென்றால் சிறிது ஜெர்மானியம் டை ஆக்சைடு சேருங்கள், டயாட்டம்களின் வளர்ச்சி அடங்கும்.