வன்னியில் ஆணும் பெண்ணும் சமமா? காணிப் பத்திரத்தைப் பாருங்கள்

"வன்னிப் பெண்கள் வயலில் ஆண்களுக்குச் சமமாகத்தானே உழைக்கிறார்கள், பிறகு பெண்ணியம் எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். உழைப்பை அல்ல, காணி யாருடைய பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குடியேற்றத் திட்டங்களில் இலங்கையின் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அரச காணிக்கு அனுமதிப்பத்திரம் கொடுத்தார்கள். தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளரைப் பதியாமல் ஒருவர் இறந்தால், மகளுக்கு முன் மகனுக்கே உரித்து என்றது அதன் மூன்றாம் அட்டவணை. அது திருத்தப்பட 2022 வரை சென்றது. மனைவிக்கு ஆயுள்வரை உரித்து உண்டு. ஆனால் கணவர் இறந்து 6 மாதத்துக்குள் காணியைப் பொறுப்பேற்க வேண்டும். இடம்பெயர்ந்து முகாமில் இருந்தவர்களுக்கு இது எத்தனை கொடுமை!

உறுதி எழுதிய சொந்தக் காணியில் சிக்கல் வேறு. வடமாகாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சீதனக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவர் தன் முதுசத்தை, அதாவது பரம்பரைச் சொத்தை, விற்க மனைவியின் கையெழுத்துத் தேவையில்லை. கணவர் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால், அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக அனுமதி கேட்டு அவள் மாவட்ட நீதிமன்றத்தின் படியேற வேண்டும்.

அனுமதிப்பத்திரக் காணி என்றால், பிரதேச செயலகக் காணிப் பிரிவில் பின்னுரித்து யாருக்குப் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். பதிவு இல்லாவிட்டால், பத்திரக்காரர் உயிரோடு இருக்கும்போதே செய்விக்க வேண்டும். "மகளுக்குத்தான் என்று அப்பா சொன்னவர்" என்ற வாய்ச்சொல் அங்கே செல்லாது.