சிஆர்பி இறங்கினால் போதுமா?

அன்புள்ள ஐயா,

மூன்று வாரங்களுக்கு முன் அப்பாவுக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் சிஆர்பி மூன்றாம் நாள் 46, இப்போது 7. வாரந்தோறும் அவர் ரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்து அட்டவணை போடுகிறேன். கொல்சிசின் என்ற அழற்சி மருந்தைக் கொடுத்தால் இன்னும் இறங்குமாம். டாக்டர் வேண்டாம் என்கிறார். வற்புறுத்தலாமா? அப்பா சிகரெட்டைக் குறைத்திருக்கிறார், முழுதாக விடவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அப்பா எழுந்து நடமாடுகிறார் என்று நினைக்கிறேன். நீங்கள் அதை எழுதவில்லை. அட்டவணையைத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

மூன்றாம் நாள் 46 என்பதில் அதிசயமில்லை. இதயத் தசை செத்தால் உடம்பு கொந்தளிக்கும், கல்லீரல் சிஆர்பியைக் கொட்டும். இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், அப்புறம் தானாகவே வடியும். வாராவாரம் ஊசி குத்துவது அவருக்குக் கைவலி, உங்களுக்குப் பதற்றம். நிறுத்துங்கள்.

என் சித்தப்பாவும் இப்படித்தான். மாரடைப்புக்குப் பிறகு யார் வந்தாலும் ரிப்போர்ட் கோப்பை விரித்துவிடுவார். சிஆர்பி ஒன்றுக்குக் கீழே வந்ததும் குணமாகிவிட்டதென்று ஸ்டாட்டினை, அதாவது கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையை, நிறுத்தினார். அந்த எண்ணை இறக்கியதில் அதே மாத்திரைக்கும் பங்குண்டு என்று சொன்னால் கேட்கிற ஆளில்லை. அடுத்த வருடமே இரண்டாவது அட்டாக்.

அழற்சி பொய் என்று சொல்லவில்லை. 2017இல் வெளியான காண்டோஸ் ஆய்வில், கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் அடக்கிய கனாகினுமாப் ஊசி, மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றையும் சேர்த்து 15 சதவீதம் குறைத்தது. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின, மொத்த மரணம் குறையவில்லை. கொல்சிசினுக்கு 2019இல் நல்ல செய்தி வந்தது. மாரடைப்பு கண்ட 4,745 பேரில், மருந்து எடுத்தவர்களில் 5.5 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 7.1 சதவீதம் பேருக்கும் மறுபடி பாதிப்பு. அதை வைத்துத்தான் டாக்டரோடு மல்லுக்கு நிற்கிறீர்கள். 2024இல் அதே கொல்சிசினை 7,062 பேரிடம் பார்த்தார்கள். சிஆர்பி இறங்கியது, அழகாகவே இறங்கியது. பாதிப்போ மருந்து எடுத்தவர்களில் 9.1 சதவீதம், மற்றவர்களில் 9.3. வித்தியாசமே இல்லை! எண் ஒரு பக்கம் போனது, நோயாளியின் கதி இருந்த இடத்திலேயே இருந்தது. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியும் எடுபடவில்லை. புகை குறைந்ததென்று அடுப்பு அணைந்ததாக நினைக்கிற கூட்டம்தான் அதிகம்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை, அந்த சிகரெட் வரியை, எப்படி அவ்வளவு சாதாரணமாக எழுதினீர்கள்? இதய நோயாளி புகையை விட்டால் இறக்கும் அபாயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. எந்த அழற்சி மருந்தும் அதன் பக்கத்தில்கூட வந்ததில்லை. சிகரெட்டும் சிஆர்பியை ஏற்றும். குறைத்திருக்கிறாராம்! கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் பயம் புரிகிறது. மகள் சொன்னால் விடாதவர், மகள் அழுதால் விடுவார். அழுதுவிடுங்கள்.

கொல்சிசின் கேட்டீர்கள், இல்லையா? வற்புறுத்தாதீர்கள். ஏன் வேண்டாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அந்த மருந்து விஷமாகும். சில ஆன்டிபயாட்டிக்குகளோடும் சேராது. அதெல்லாம் உங்கள் அட்டவணையில் இல்லை, அவரிடம் இருக்கும்.